ரோலரா, இரட்டைத் தொட்டியா, ஆட்டோமேட்டிக்கா?

பண்டாரவளையில் இருக்கும் அக்கா மகன் போன மாதம் மூன்று பழைய வாஷிங் மெஷின்களின் படங்களை அனுப்பிவிட்டு, "மாமா, வீட்டோட சாய்ச்ச பத்தியில ஒண்ணுக்குத்தான் இடம் இருக்கு. எதத் தூக்குறது?" என்று கேட்டான்.

அப்புத்தளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பங்களாவை ஹோட்டலாக்கப் போகிறார்களாம். அதன் ஸ்டோரைக் காலி பண்ணும்போது உரச் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு சின்ன ஹூவர் அகப்பட்டிருக்கிறது. உடுப்பைப் பிழிய மேலே ரோலர் வைத்த பழைய வகை. இரண்டாவது, நுவரெலியாவில் ஒரு வீட்டின் பின்பக்கம் தகரத்தால் மூடிக் கிடக்கும் ஹூவர்மாட்டிக், அதாவது இரட்டைத் தொட்டி மெஷின். மூன்றாவது கொழும்பில். 1950களின் அமெரிக்க ஆட்டோமேட்டிக், முன்பக்கம் கப்பல் ஜன்னல் மாதிரி வட்டக் கண்ணாடிக் கதவு. முதல் இரண்டுக்கும் ஆளுக்கொரு படம் அனுப்பியிருந்தான். மூன்றாவதற்கு ஏழு படம். மனசு எங்கே போயிருக்கிறது என்று கேட்காமலே தெரிந்தது.

பழைய வாஷிங் மெஷின் சேர்க்கிறவர்கள் முதலில் கேட்பது, அது எவ்வளவு அபூர்வம் என்று. நானும் அப்படிக் கேட்டுத்தான் முதலில் காசைத் தொலைத்தேன். இப்போது நான் முதலில் பார்ப்பது வேறு. உள்ளே உடைந்து கிடக்கும் சாமானை, காலையில் பஸ் ஏறிப் போய் இருட்டுவதற்குள் திரும்பி வரும் தூரத்தில் யாராவது செய்து தருவார்களா? தருவார்கள் என்றால் எடுக்கலாம். இல்லையென்றால் அது உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் என் வீட்டில் பூனை படுக்கும் பெட்டிதான்.

இந்த விஷயத்தில் மலைநாட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். தேயிலைக் கொழுந்தை உருட்டும் ஜாக்சன் ரோலரையும், அதைக் காயவைக்க பெல்ஃபாஸ்டில் டேவிட்சன் கம்பெனி செய்த சிரோக்கோ டிரையரையும் தலைமுறை தலைமுறையாக ஓட்டிய ஃபேக்டரி ஃபிட்டர்கள் இங்கே இருக்கிறார்கள். கன்மெட்டல் புஷ் கடைவது, தேய்ந்த ஷாஃப்டுக்கு உலோகம் ஏற்றித் திரும்பக் கடைவது, பல் போன கியருக்குப் பல் வைப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் லேத் பட்டறையும் மோட்டர் வைண்டிங் கடையும் உண்டு. ஆனால் இவர்களில் ஒருவராலும், ஆட்டோமேட்டிக்கை நேரம் பார்த்து நடத்தும் 1950களின் டைமர் ஒன்றைச் செய்துதர முடியாது. மூன்று மெஷினையும் பிரிக்கிற கோடு அங்கேதான் இருக்கிறது.

ரோலர் மெஷினில் தொடங்குகிறேன். படத்தில் இருந்தது 0307 என்ற மாடல். 1948இல் வேல்ஸின் மெர்தர் டிட்ஃபில் நகரத்தில் ஹூவர் கம்பெனி ஒரு ஃபேக்டரி திறந்தது. இது அங்கிருந்து வந்த முதல் வாஷிங் மெஷின். (அதே 1948இல்தான் இங்கே இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தோட்டத்தில் உழைத்த எங்கள் தாத்தாமாரை நாடில்லாதவர்களாக்கியது. அந்த மெஷின் போய் நின்ற பங்களாக்களில் உடுப்பைத் தூக்கிப் போனது டோபி. எங்கள் ஆட்கள் துவைத்தது பீலிக்கரைக் கல்லில். இந்த மெஷினைத் துடைக்கிறபோதெல்லாம் அந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.) மெர்தரில் மெஷின் செய்வது 2009 வரை நடந்தது.

இதற்குள் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. தொட்டியின் பக்கச் சுவரில் வரிவரியாக மேடு வைத்த ஒரு தட்டு. மோட்டர் அதைச் சுற்றும், தண்ணீர் சுழலும், உடுப்பும் கூடவே சுழலும். வெந்நீரை அடுப்பில் காய்ச்சித்தான் ஊற்ற வேண்டும். பிழிவதற்குக் கையால் சுற்றும் இரண்டு ரப்பர் ரோலர். வேலை முடிந்ததும் மடித்துத் தொட்டிக்குள்ளேயே இறக்கி மூடிவிடலாம். குசினி மூலையில் அடங்கிவிடும். ஜப்பானில் சான்யோ 1953இல் விட்ட மெஷினும் இதே சுழல் வழியில்தான் துவைத்தது. பிற்காலத்தில் நம் வீடுகளுக்குள் வந்த ஜப்பான் மெஷின்களெல்லாம் ஒரு வகையில் இதற்குப் பேரன் பேத்திகள்.

மருமகனைக் கூட்டிக்கொண்டு அப்புத்தளைக்குப் போனேன். மூடியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது குளவி கட்டிய மண்கூடு, தண்ணீர் வெளியேறும் துவாரத்தை அடைத்துக்கொண்டு. நல்ல வேளை, காலிக் கூடு. ரோலர் இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தபடி மடிந்து கிடந்தன. கடைசியாகப் பிழிந்த ஆள் இறுக்கத்தைத் தளர்த்தாமல் மூடி வைத்துவிட்டார் போலிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் ரப்பர் கல்லாகி, தொட்டுக்கொண்டிருந்த பக்கம் தட்டையாகிவிட்டது. மேல் ரோலரில் சட்டைப் பொத்தான் ஒன்றின் அச்சு, நாலு துவாரத்தோடு, அப்படியே பதிந்திருந்தது. மருமகன் அதைத்தான் ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தான்.

ரோலர் கல்லாகிவிட்டதென்று பயப்பட வேண்டாம். அச்சகங்களுக்கு ரோலருக்கு ரப்பர் ஏற்றித் தருகிறவர்களிடம் கொடுத்தால், பழையதை உரித்துவிட்டுப் புது ரப்பர் சுற்றி, அளவுக்குக் கடைந்து தருவார்கள். ரப்பர் விளையும் நாட்டில் ரப்பருக்கு என்ன பஞ்சம்? அச்சக ரோலர் அளவுக்கு மிருதுவாக வேண்டாம், கொஞ்சம் கெட்டியாக வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும். அதைவிட முக்கியமானது தட்டின் ஷாஃப்ட் தொட்டிச் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் இருக்கும் சீல். அது காய்ந்திருந்தால் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் உள்ளே கசியும். உள்ளே இருப்பது மோட்டர். அதே அளவில் சீல் கிடைக்காவிட்டால், வாகனத்துக்கு விற்கும் ஆயில் சீல்களில் நெருங்கி வரும் ஒன்றை எடுத்து, அது உட்காரும்படி ஒரு வளையம் கடைந்துகொள்ளலாம். இந்த வேலையை எனக்குச் செய்துதந்தவர் பழைய ஃபேக்டரி ஃபிட்டர் ஒருவர். "எவ்வளவு அண்ணே?" என்று கேட்டதற்கு, "ஓடுறப்ப கூப்பிடு, பாக்கணும்" என்றார். அவ்வளவுதான் கூலி.

ரோலர் மெஷினிலேயே கரண்டில் சுற்றும் ரோலர் வைத்ததும் உண்டு. அமெரிக்காவின் மேடேக் அதில் பேர்போனது. 1983 வரை ரோலர் மெஷின் செய்துகொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லாத பண்ணை வீடுகளுக்காகப் பெட்ரோல் எஞ்சின் பூட்டியும் விற்றார்கள். அப்படி ஒன்று அகப்பட்டால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதில் நடுவே நின்று உடுப்பைக் கலக்கும் அலுமினியத் துடுப்பு, இரும்பு ஷாஃப்டோடு துருப்பிடித்து இறுகியிருக்கும். சுத்தியலை எடுத்தால் துடுப்பு வெடிக்கும். கொதிக்கிற தண்ணீரைத் துடுப்பின் மேல் ஊற்றுங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நாலைந்து தடவை ஊற்றினால் பிடி விடும். நுவரெலியாவில் 1868 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை வாக்கிலேயே கொதித்துவிடுகிறது, ஆனாலும் இந்த வேலைக்கு அது போதும். ஒன்று மட்டும்: கரண்டில் சுற்றும் ரோலர் விரலையும் கூந்தலையும் சேலைத் தலைப்பையும் பார்த்து விட்டுவிடாது, உடுப்பு போலவே உள்ளே இழுக்கும். அந்தக் காலத்து டாக்டர்கள் இந்தக் காயத்துக்குத் தனிப் பெயரே வைத்திருந்தார்கள். தட்டினால் ரோலர் விலகும் பாதுகாப்புப் பட்டி வேலை செய்கிறதா என்று பார்க்காமல் அதை ஓட்டக் கூடாது.

இனி இரட்டைத் தொட்டி. ஹூவர்மாட்டிக் 1957இல் வந்தது. ஒரு தொட்டியில் துவைத்து, ஈர உடுப்பைக் கையால் எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட்டால் அது வேகமாகச் சுழன்று தண்ணீரை உதறிவிடும். சேர்க்கிறவர்கள் பலர் இரட்டைத் தொட்டியை மதிப்பதில்லை, "இது எல்லா வீட்லயும் இருந்ததுதானே" என்பார்கள். இங்கிலாந்தில் இருந்திருக்கும். நம் நாட்டில் 1970க்கும் 77க்கும் இடையே வெளிநாட்டுச் சாமான் இறக்குவது அடியோடு சுருங்கியிருந்தது. அதற்கு முன்னால் வந்து சேர்ந்தது கொஞ்சம், அதிலும் தப்பிப் பிழைத்தது இன்னும் கொஞ்சம். 1977க்குப் பிறகு கதவைத் திறந்ததும் வந்து குவிந்தவை பெரும்பாலும் ஜப்பான் மெஷின்கள். ஆகவே 60களின் ஹூவர்மாட்டிக் ஒன்று நுவரெலியாவில் முழுதாகக் கிடக்கிறதென்றால், அதை இளக்காரமாகப் பார்க்க மாட்டேன்.

ஒருதலைப்பட்சம் என்பீர்கள், சொல்லிவிடுகிறேன்: என் வீட்டில் வாராவாரம் ஓடுவது ஓர் இரட்டைத் தொட்டிதான். நான் இருப்பது வட்டவளைப் பக்கம். வைகாசியில் தென்மேல் மழை பிடித்தால் ஆவணி வரை கொடியில் போட்ட உடுப்பு காயாது. லயத்தில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டு, பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் புகை மணக்கப் போட்டுக்கொண்டு போன பிள்ளைகள் நாங்கள். ரோலரில் எவ்வளவு இறுக்கிப் பிழிந்தாலும் தையல் மடிப்பில் தண்ணீர் நிற்கும், பொத்தானும் உடையும். சுழல் தொட்டியில் இருந்து எடுத்த சட்டையை இஸ்தோப்பில் போட்டால் மறுநாள் போட்டுக்கொள்ளலாம். பண்டாரவளைக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது. நாங்கள் மழையில் ஊறிக் கிடக்கும் ஆடி மாதத்தில் ஊவாப் பக்கம் காய்ந்த கச்சான் காற்று அடிக்கிறது; ரோலரில் பிழிந்ததே மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று ஆகிவிடும். மலையின் எந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள் என்பது, எடுத்ததை ஓட்டப் போகிறீர்கள் என்றால், முதல் கேள்வியாகவே வர வேண்டும்.

வேலை என்று பார்த்தால் இரட்டைத் தொட்டிக்கு ரோலர் மெஷினைப் போல இரண்டு மடங்கு. மோட்டரே இரண்டு. சுழல் தொட்டிக்கு அடியில் துருத்தி மாதிரி ஒரு ரப்பர் உண்டு. அது கிழிந்தால் பிழிந்த தண்ணீர் நேராக மோட்டர் தலையில் விழும். மூடியைத் திறந்ததும் பிடிக்க வேண்டிய பிரேக், தொட்டி ஆடாமல் தாங்கும் ரப்பர் கால்கள், தண்ணீர் இறைக்கும் பம்ப் என்று ஒவ்வொன்றாக வரும். பம்பும் பிரேக்கும் பட்டறையில் சமாளிக்கக் கூடியவை. துருத்தி ரப்பர்தான் தொல்லை. அச்சு செய்து வார்க்கலாம், நான் வார்த்தேன், மூன்றாவது தடவைதான் கசியாமல் நின்றது. வெளித் தகட்டின் அடி விளிம்பையும் நகத்தால் கீறிப் பாருங்கள். பெயிண்ட் நன்றாக இருக்கும், உள்ளே இரும்பு பிஸ்கட்டாக உதிரும். நம் ஈரத்துக்கு அது வழக்கம்.

மலைக்காரர்களுக்குக் கிடைக்கும் இன்னொரு லாபம் தண்ணீர். மலையோடையில் இருந்து வருவது மென்மையான தண்ணீர், சவர்க்காரம் தொட்டால் நுரைக்கும். சூடாக்கும் கம்பி வைத்த மெஷின் வந்தால் அதில் சுண்ணாம்பு படிந்திருக்காது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஓடிய மெஷின் ஒன்றைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, மருமகனின் ஏழு படத்துக்கு வருவோம். முன்கதவு ஆட்டோமேட்டிக்கை வீட்டுக்கு வீடு பேச வைத்தது பெண்டிக்ஸ், 1937இல். ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு ஸ்பிரிங் கிடையாது. தரையில் போல்ட் போட்டு இறுக்கினால்தான் நிற்கும், இல்லாவிட்டால் சுழலும்போது அறை முழுக்க நடக்கும். பலகைத் தளம் போட்ட பங்களாவில் அதை வைத்தால் பங்களாவும் சேர்ந்து ஆடும். சீமெந்துத் தளம் கெட்டியாகப் போட இடம் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். அழகில் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் உடுப்பு ஏறி விழுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு கோப்பைத் தேநீர் ஆறவிடலாம்.

பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் விழுந்தேன். வேறொரு அமெரிக்க மெஷின், யாரோ வீட்டுச் சாமானோடு கப்பலில் வந்தது. அங்கே கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு அறுபது தடவை முன்னும் பின்னும் மாறும். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டைக் குறைக்க 110க்கு ஒரு டிரான்ஸ்ஃபோமர் போட்டால் போதும் என்று விற்ற கடைக்காரர் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஹெர்ட்ஸை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். 60க்குச் சுற்றிய மோட்டரை 50இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். அது பரவாயில்லை. ஆனால் வோல்டையும் அதே கணக்கில் குறைக்க வேண்டும். 115 வோல்ட் மோட்டருக்கு ஏறக்குறைய 96தான் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் இரும்பு தாங்க முடியாத காந்தம் ஏறி மோட்டர் சுடும். இருபது நிமிஷத்தில் வார்னிஷ் உருகும் வாடை வந்தது. அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தவன் மறக்க மாட்டான். திரும்ப வைண்டிங் செய்யக் கொடுத்த காசு மெஷினுக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

அப்புறமாவது ஒழுங்காக ஓடியதா? டைமருக்குள் இருக்கும் குட்டி மோட்டர் கரண்டின் ஹெர்ட்ஸை எண்ணித்தான் நேரம் பார்க்கும். 60 நிமிஷத்தில் முடிய வேண்டிய துவையல் 72 நிமிஷம் எடுத்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் டைமரின் உள்பல் ஒன்று உடைந்து, தண்ணீர் எடுப்பதை நிறுத்த மறந்துவிட்டது. உடைந்த பல்லை ஃபிட்டர் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கடிகாரக்காரன் சாமான் தம்பி" என்று கையில் கொடுத்துவிட்டார். அந்த மெஷின் இன்னும் என் பத்தியில்தான் நிற்கிறது. பூனை படுக்கும் பெட்டி என்று மேலே சொன்னது இதைத்தான். இதோடு ஒப்பிட்டால், பழைய ஜப்பான் இரட்டைத் தொட்டிகளில் இருக்கும் முறுக்கி விடுகிற டைமர் எவ்வளவோ மேல். ஸ்பிரிங்கில் டிக் டிக்கென்று ஓடும், அதற்கு ஹெர்ட்ஸ் எதுவானாலும் ஒன்றுதான்.

மூன்றில் எதை எடுத்தாலும் கரண்ட் விஷயம் ஒன்றே. பழைய வயரின் ரப்பர் தொட்டால் உதிரும், எலி கடித்ததும் இருக்கும். முழுவதையும் மாற்றுங்கள், பழைய அழகு வேண்டுமென்றால் புது வயருக்கு மேலே துணி உறை போட்டுக்கொள்ளலாம். மெகர் வைத்து, அதாவது கரண்ட் உடம்புக்குக் கசிகிறதா என்று காட்டும் மீட்டர் வைத்து, மோட்டரைச் சோதிக்காமல் பிளக்கில் குத்த வேண்டாம். இரண்டு முனை பிளக்கோடு, எர்த் இல்லாமல் வந்தது என்றால், மூன்று கம்பி வயர் போட்டு உடம்பை எர்த் செய்து, 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் உள்ள லைனில் மட்டும் ஓட்டுங்கள். ஈரத் தரை, ஈரக் கை, வெறுங்கால். இதில் அசல் தோற்றம் பற்றிப் பேச்சே கிடையாது. 70களுக்கு முந்திய மோட்டர் கபாசிட்டர் எண்ணெய் கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், அந்தக் காலத்து எண்ணெய்களில் பிசிபி என்ற நஞ்சு இருக்கக் கூடும். வெப்பத்துக்காக வைத்த சாம்பல் நிற அட்டை தென்பட்டால் அதைச் சுரண்டவும் வேண்டாம், அஸ்பெஸ்டஸாக இருக்கலாம்.

அசல் தோற்றம் என்றதும் ஞாபகம் வருகிறது. அப்புத்தளை ஹூவரின் பின்பக்கம், அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தில் யாரோ ஒரு தகரத் துண்டை வைத்து ஆறு ரிவெட் அடித்திருந்தார்கள். மருமகன் அதைப் பிடுங்கிவிட்டுப் புதுத் தகடு வைத்து, உடம்பு முழுக்க ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நீளமாக, நடுவில் மடிந்த தகரம், ஓரத்தில் பழைய ஆணித் துவாரங்கள். தேயிலைப் பெட்டியின் விளிம்புக்கு அந்தக் காலத்தில் அடித்த தகடு. சாமான் கிடைக்காத காலத்தில் ஃபேக்டரி ஆள் ஒருவர் பெட்டி அறையில் கிடந்ததை எடுத்துவந்து அடைத்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். மெர்தரில் இருந்து வந்த 0307 உலகத்தில் எத்தனையோ இருக்கும். தேயிலைப் பெட்டித் தகரத்தில் ஒட்டுப் போட்டது வேறு எங்கே கிடைக்கும்?

அவன் இருப்பது பண்டாரவளை, காற்றுக்குக் குறைவில்லை, பத்தி சின்னது, கையில் காசும் கொஞ்சம். ரோலர் மெஷினை எடு என்றேன். நுவரெலியா ஹூவர்மாட்டிக்கை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். என்னுடையதற்கு உதிரிச் சாமான் வேண்டும், பேசி வைத்திருக்கிறேன். கொழும்பு ஆட்டோமேட்டிக்கைப் பற்றி அவன் இன்னும் இரண்டு தடவை கேட்டான். மூன்றாவது தடவை கேட்டபோது பத்திக்குக் கூட்டிப்போய்ப் பூனையைக் காட்டினேன்.

ரோலர் இரண்டும் இப்போது ரப்பர் ஏற்றக் கொழும்புக்குப் போயிருக்கின்றன. பொத்தான் அச்சு இருந்த துண்டை உரித்துத் தனியாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறான், எதற்கென்று நான் கேட்கவில்லை. தகரத்தை மட்டும் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.